கற்பனை நாட்டில் ஓர் ஒழுங்கை

கற்பனையினால் ஒரு நாட்டைப் படைக்கப் புகும் எழுத்தாளன் முதலில் எதனைப் படைக்கின்றான்? பெரும்பாலும் ஓர் அரண்மனையை; அதன் பின்னர் ஒரு மலையை; மலைமேல் ஒரு கோட்டையை; கோட்டைக்குள்ளே ஒரு பகைவனை. இவையெல்லாம் வாசகன் கண்ணுக்குப் பெரியனவாய்த் தோன்றுவன. ஆயின், அந்நாட்டிலே மக்கள் வாழ்கின்றனர், உழுகின்றனர், உண்கின்றனர், அயலவரோடு வழக்காடுகின்றனர் என்னும் உணர்ச்சி இவற்றால் உண்டாவதில்லை. அவ்வுணர்ச்சியைத் தருவது ஊரவர் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வருகின்ற ஒரு சிறிய ஒழுங்கையே. வரைபடத்திலே மெல்லிய கோடாய் விழுந்து, வரலாற்றிலே பெயர் பெறாது போகும் அவ்வழி கதையிலே இல்லையாயின், அந்நாடு வெறுஞ் சித்திரச் சீலையாகவே தொங்கும். இக்கருத்தை நாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு யான் எடுத்துக்கொள்ளும் நூல், ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டொல்கீன் எழுதிய ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் பெருங்கதை. 1954ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது. டொல்கீன் 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலே பிறந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, 1925ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டுவரை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராய் இருந்து, 1973ஆம் ஆண்டு காலமானவர். பழைய ஆங்கிலத்திலும் அதற்கு இனமான வடமேற்கு ஐரோப்பிய மொழிகளிலும் துறைபோகியவர். சுருங்கச் சொல்லின், சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்கும் நம்மவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். அத்தகைய ஒருவர் ‘பூதக்கதை’ எழுதினார் என்பதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம் கல்லூரிகளிலே இன்றும் உளர். அவர்கள் அக்கதையின் கரிய கோபுரத்தையும் பறக்கும் கொடு விலங்குகளையும் மாத்திரம் செவிவழியாக அறிந்தவர். அதன் ஒழுங்கைகளை அவர்கள் நடந்து பார்த்தவரல்லர்.

கதையை அறியாதார்க்காகச் சிறிது கூறுதல் வேண்டும். ஷயர் என்பது ஹொபிற்றுகள் என்னும் சிற்றுருவ மக்கள் வாழும் வேளாண்மை நாடு. மேற்குக் குன்றுகளிலிருந்து பிரண்டிவைன் ஆற்றுப் பாலம்வரை 40 லீக், வடக்குக் கரம்பையிலிருந்து தெற்குச் சதுப்புவரை 50 லீக் என்று ஆசிரியர் அதற்கு அளவு கூறுகின்றார். ஏறத்தாழ 120 மைலும் 150 மைலும் என்க. அந்நாட்டிலே புரோடோ என்பவனுடைய கையில் ஒரு கணையாழி இருக்கின்றது. உலகத்தை அடிமைகொள்ள விழையும் கொடியோன் ஒருவன் அதனைத் தேடுகின்றான். கணையாழியை ஒருவரும் அறியாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோதல் வேண்டும். கதைக்குள் வழங்கும் 3018ஆம் ஆண்டிலே, செப்ரெம்பர் 23ஆம் நாள் மாலையிலே, புரோடோவும் தோட்டக்காரனாகிய சாமும் இளைய உறவினனாகிய பிப்பினும் தோளிற் சுமையோடு கால்நடையாகப் புறப்படுகின்றனர்.

கிழக்கே போவதற்கு அந்நாட்டிலே ஒரு பெருந்தெரு உண்டு. அதனை விட்டு அவர்கள் தெற்கே குன்றுப்புறத்துக்கூடாகச் செல்லும் ஸ்ரொக் என்னும் ஊர்வழியை மேற்கொள்ளுகின்றனர். அது வளைந்து வளைந்து போகும் வழி. வண்டி செல்வதற்கு அத்துணை வாய்ப்பற்றது. ஆள் நடமாட்டம் குறைந்தது. அதிலிருந்து பின்னர் இன்னும் சிறியதாகிய ஒரு கிளைவழி பிரிந்து, முதிய ஓக்கு மரச்சோலைக்கூடாக வூட்ஹோல் என்னும் சிற்றூரை நோக்கிச் செல்லும். அக்கிளைவழியே நாம் கூறும் ஒழுங்கை. அவ்வழியிலே ஒரு கோயிலில்லை, கோட்டையில்லை. வழிபிரியும் இடத்துக்கு அண்மையிலே உள்ளே கோறையாகிப்போன ஒரு பெருமரம் உண்டு. மூவரும் அதனுள்ளே இருந்து இராவுணவு உண்ணுகின்றனர்.

இப்பகுதியைப் படிக்கும் மாணவன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இந்த மூவருடைய முதல் மூன்று நாள் நடையை ஆசிரியர் ஓட்டமாகச் சொல்லிவிடவில்லை. சுமையின் பாரம் யாருக்கு எவ்வளவு, எந்த ஏற்றத்திலே மூச்சு வாங்கியது, எந்த ஊரின் மதுச்சாலையிலே நல்ல பானம் கிடைக்கும், குறுக்குவழியாற் போவது நன்றோ தெருவழியாற் போவது நன்றோ என்பனவெல்லாம் பேசப்படுகின்றன. காட்டிலே உறங்கும் மூவரையும் கண்டு ஒரு நரி வியந்து, அதன் காரணத்தை ஒருபோதும் அறியாமலே தன்பாட்டிற் போய்விடுகின்றது. நரியின் வியப்புக்குக் கதையிலே பயனொன்றும் இல்லை. ஆயினும் அந்தக் காடு அம்மூவருக்காக மாத்திரம் ஆக்கப்பட்டதன்று. அவர்கள் வருமுன்னரும் அங்கே நரி திரிந்தது, அவர்கள் போன பின்னரும் திரியும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகின்றது. வழியொன்று உண்மையாவது இவ்வாறுதான்.

உண்மையான வழியிலேயே உண்மையான அச்சம் பிறக்கும். இரண்டாம் நாட் பிற்பகலிலே, பின்னே வழியின் முடக்கில் ஒரு குதிரையின் குளம்பொலி கேட்கின்றது. மூவரும் மறைகின்றனர். கரிய போர்வையுள் முகம் மறைந்த ஒருவன் குதிரையை நிறுத்தி, நாய் மோப்பம் பிடிப்பதுபோல மூக்கினால் முகர்ந்து, பின்னர் மெல்லப் போகின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. வாள் உருவப்படவில்லை, மாயம் செய்யப்படவில்லை. ஆயினும் இக்கதையிலே பின்னால் வரும் பெரும்போர்களிலும் பார்க்க இந்த முகர்தல் வாசகனை நடுக்குகின்றது. என்னை காரணமெனின், சிறுவரும் கிழவரும் நடந்து பழகிய ஊர்வழியிலே அயலான் ஒருவன் வந்து பெயர் கேட்டுத் தேடுகின்றான் என்பதே. பாழ்மலையிலே அரக்கன் தோன்றினால் அது அவனுக்குரிய இடம் என்று மனம் ஏற்றுக்கொள்ளும். நம் வேலிக்கருகே குளம்பொலி நின்றால் ஏற்றுக்கொள்ளாது.

இக்காட்சி பிறந்த வரலாறும் அறியத்தக்கது. டொல்கீனுடைய மகனார் கிறிஸ்தோபர், தந்தையாரின் பழைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு ஒரு தொகுதி வெளியிட்டார். அதனால் நாம் அறிவது, 1938ஆம் ஆண்டு எழுதிய முதற்படியிலே அவ்வழியிற் குதிரையேறி வந்தவர் கரிய வீரனல்லர். ஹொபிற்றுகளுக்கு நண்பராகிய காண்டால்வ் என்னும் மாயவித்தை வல்ல முதியவர் என்பதாம். முகர்ந்து பார்த்தவரும் அவரே! ஆசிரியர் எழுதிக்கொண்டு போகும்போதே அவ்வரவை மாற்றிப் பகைவனாக்கினார். வழி மாறவில்லை, முடக்கு மாறவில்லை, குளம்பொலி மாறவில்லை, வந்தவன் மாத்திரம் மாறினான். நூலின் பேரச்சமே அந்த மாற்றத்திலிருந்து வளர்ந்தது. கதை வழியை உண்டாக்கியதோ, வழி கதையை உண்டாக்கியதோ என்று கேட்பின், இவ்விடத்திலே வழியே முந்தியது எனல் தகும்.

இது நம் புலவர்க்குப் புதுமையன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலே மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுகின்றான். இடப்பக்கத்து வழியிலே பிலம் உண்டு, தெய்வம் உண்டு, படிந்தார்க்கு வேண்டிய பேறளிக்கும் மூன்று பொய்கைகள் உண்டு. அத்தனை அற்புதமும் வேண்டா என்று கவுந்தியடிகள் மறுத்துவிட, அவர்கள் ஊரும் காடும் மாறிமாறி வருகின்ற இடைநெறியிலே செல்லுகின்றனர். அந்நெறியிலேதான், நீர்வேட்கையாற் கோவலன் பொய்கையோரம் போனபோது, கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவிலே வந்து அவனை மயக்கப் பார்க்கின்றது. அற்புத வழியை ஒதுக்கிப் பழகு வழியை மேற்கொண்டவனிடம் ஆபத்துப் பழகிய முகத்தோடு வருகின்றது. டொல்கீன் சிலம்பு படித்தவர் என்று யான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. இரு வேறு மொழியிலே இரு வேறு காலத்திலே பெருங்காப்பியம் செய்தோர் ஒரே உண்மையைக் கண்டனர் என்பதே கருத்து.

இன்னுமொன்று. புரோடோவின் வளர்ப்புத் தந்தையாகிய பில்போ என்னும் முதியவர் வழியைப் பற்றி ஒரு கொள்கை உடையவர். உலகத்திலே உள்ளது ஒரே வழிதான்; அது பேராறு போன்றது; ஒவ்வொரு வீட்டுப் படியும் அதன் ஊற்று; ஒவ்வோர் ஒற்றையடிப் பாதையும் அதிற் சென்று விழும் கிளை; ஆதலால் வாசலைக் கடந்து காலெடுத்து வைப்பவன் எங்கே கொண்டுபோகப்படுவான் என்பதை யாரும் அறியார் என்பது அவர் சொல்லும் கருத்து. ஆங்கிலத்தில் இஃது ஓர் உவமை. தமிழிலோ உவமை வேண்டாத உண்மை. நமக்கு ‘ஆறு’ என்பது ஓடும் நீருக்கும் பெயர், நடக்கும் வழிக்கும் பெயர். ஒழுக்க நெறியையும் ‘நல்லாறு’ என்றே சொன்னோம். பரிசில் பெற்றவன் பெறாதானுக்கு வழிகாட்டும் பாட்டை ‘ஆற்றுப்படை’ என்றோம். எங்கே தங்கலாம், எவர் உணவிடுவர், எவ்விடத்திலே வழுக்கும், எவ்விடத்திலே பாம்பு உண்டு என்று வழிநடையைத் தொகுத்துச் சொல்வதையே ஒரு பிரபந்த வகையாக்கிய மொழி நம்முடையது. அத்தகைய மொழியிலே படித்தவர்கள் கற்பனைக் கதையின் வழிநடையை வீண் விரிவென்று ஒதுக்குதல் பொருந்தாது.

ஊர்வழி வரலாற்றையும் சுமக்கும். ஷயருக்குக் கிழக்கே பிறீ என்னும் ஊர் உண்டு. அங்கே வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் போகும் பழைய வழியொன்று கிழக்குப் பெருந்தெருவைச் சந்திக்கின்றது. முன்னொருகால் அது வடபுலத்து மன்னரின் இராசபாட்டை. வடநாட்டு அரசு கதைக்குள் 1974ஆம் ஆண்டிலே வீழ்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் போவாரும் வருவாரும் குறைந்து, வழியின்மேற் புல் படர்ந்தது. ஊரவர் அதன் பழம்பெயரை மறந்து ‘பசுவழி’ என்று பொருள்படக் ‘கிறீன்வே’ என அழைத்தனர். ஓர் அரசின் வீழ்ச்சியை நூறு பக்கத்திலே எழுதலாம். இப்பெயர் ஒன்றே அதனைச் சொல்லிவிடுகின்றது. போர் முடிந்த பின்னர் காண்டால்வ் அவ்வூர் மதுச்சாலைக்காரரிடம் வந்து, அரசன் மீண்டான், அவ்வழி மறுபடி திறக்கப்படும், வடக்கே மக்கள் குடியேறுவர் என்கின்றார். கேட்டவர் துள்ளிக் குதிக்கவில்லை. அந்நியர் கூட்டம் கூட்டமாக வந்து தம் ஊரின் அமைதியைக் கெடுப்பரோ என்றுதான் முதலில் ஐயுறுகின்றார். யாழ்ப்பாணம்–கண்டி வீதி 2002ஆம் ஆண்டு மீளத் திறக்கப்பட்டதையும், 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே மீண்டும் மூடப்பட்டதையும், போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே மறுபடி மக்கள் வழியானதையும் அறிந்த நம் வாசகர்க்கு, வழியொன்றிற் புல் முளைத்தலும் அது திரும்பத் திறத்தலும் எத்தகைய பொருளுடையன என்று விளக்குதல் மிகை. மகிழ்ச்சியோடு ஐயமும் கலந்து வரும் என்பதைக் கற்பனை நாட்டை எழுதியவர் அறிந்திருந்தார்.

வழிக்குக் கடமையும் உண்டு. ஹொபிற்றுகள் ஷயரிலே குடியேறியது கதைக்குள் 1601ஆம் ஆண்டிலே. மன்னன் இரண்டாம் ஆர்கெலெப், மார்க்கோ, பிளாங்கோ என்னும் இரு சகோதரர் தலைமையிலே வந்தோர்க்கு அந்நிலத்தை அளித்தபோது திறையாகப் பொன் கேட்கவில்லை. பெரிய பாலத்தையும் ஏனைய பாலங்களையும் தெருக்களையும் செப்பமாக வைத்திருத்தல், அரசதூதர் விரைந்து செல்ல உதவுதல், தன் தலைமையை ஏற்றல் என்பனவே அவன் விதித்த நிபந்தனைகள். நாட்டுரிமையின் பத்திரத்திலே தெருத் திருத்துதல் ஒரு வாசகமாய் நிற்கின்றது. வேறெந்த மாயக்கதையிலே இத்தகைய ஒரு நிபந்தனையைக் காண்போம்? மந்திர வாளுக்குப் பரம்பரை வரலாறு எழுதுவோர் பலர். மதகுக்கும் தெருவுக்கும் பொறுப்பாளி யார் என்று கேட்டவர் இவர்.

அக்கேள்விக்கு விடை கதையின் இறுதியிலே கிடைக்கின்றது. உலகப் போரை முடித்து ஊர் திரும்பும் நால்வர், தம் நாட்டைக் கயவர் கைப்பற்றியிருக்கக் காண்கின்றனர். பைவோட்டர் என்னும் ஊரிலே குளக்கரையில் நின்ற மரவரிசை வெட்டப்பட்டிருக்கின்றது. 3019ஆம் ஆண்டு நவெம்பர் 3ஆம் நாள் அவ்வூருக்குச் செல்லும் வழியிலே சண்டை நிகழ்கின்றது. உயர்ந்த கரைகளுக்கிடையே ஓடும் அவ்வழியின் ஒரு முடக்கிலே ஹொபிற்றுகள் பழைய வண்டிகளைக் கவிழ்த்துத் தடை செய்தனர். நூற்றுக்கு மேற்பட்ட கயவர் உள்ளே வந்ததும் பின்புறத்தையும் வண்டிகளாலே அடைத்தனர். கயவர் பக்கத்தில் ஏறத்தாழ 70 பேர் மடிந்தனர். ஹொபிற்றுகளில் 19 பேர் மடிந்தனர். இப்போரிலே மாயவித்தைக்காரர் இல்லை, கணையாழியும் இல்லை. தம் ஒழுங்கையின் முடக்கும் மேடும் ஊரவர்க்குத் தெரிந்திருந்தன, வந்தவர்க்குத் தெரியவில்லை. வெற்றிக்கு அதுவே பெருந்துணை. சரணடைந்தோரைக் கொல்லவிடாது புரோடோ தடுத்து நின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். அடுத்த வேனிலின்முன் சாம், வெட்டுண்ட மரங்கள் நின்ற இடங்களிலே கன்று நட்டுத் திரிகின்றான். கணையாழியின் கதை தோட்டக்காரன் மரம் நடுவதோடு தன் வீட்டுக்கு வந்து சேர்கின்றது.

இவ்வறிவு ஆசிரியருக்கு நூலகத்திலே கிடைத்ததன்று. 1896ஆம் ஆண்டு முதல் 1900ஆம் ஆண்டுவரை, சிறுபிள்ளையாய், அவர் பேர்மிங்காம் நகருக்கு வெளியே சேர்ஹோல் என்னும் சிற்றூரிலே வளர்ந்தார். நீராலை ஒன்றும் வயலும் ஒழுங்கையும் அவர் கண்டு வளர்ந்தவை. பின்னர் நகரம் அவ்வூரை விழுங்கிற்று. ஆலை மாத்திரம் இன்று அரும்பொருட்சாலையாய் நிற்கின்றது. இறுதிப் பகுதியிலே வரும் அழிவு உலகப்போரின் பின்னான இங்கிலாந்தைக் குறிப்பதென்று சிலர் கருதியபோது, அதனை மறுத்து, தம் பிள்ளைப்பருவத்து நாட்டுப்புறம் தமக்குப் பத்து வயதாகுமுன்னரே சிதையத் தொடங்கியது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலே அவர் எழுதினார். மோட்டார் வண்டி அரிதாயிருந்த காலத்திலே கண்ட ஒழுங்கையை அவர் அறுபது வயதைக் கடந்த பின்னரே அச்சேற்றினார். கற்பனை என்பது இல்லாததைச் சொல்லுதல் என்று நாம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். இழந்ததைக் காப்பதும் அதன் தொழிலே.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவன இரண்டு. நடையும் நிலக்காட்சியும் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பது ஒன்று. இது முற்றும் பொய்யன்று. விரைவை மாத்திரம் விரும்புவோர்க்கு முதற் பாகத்தின் தொடக்கம் சோர்வு தரும். ஆயின் அச்சோர்வு, நடப்பவருடைய சோர்வு. அதனைப் பங்கிட்டுக்கொண்டவனுக்கே பின்னால் வரும் பாழ்நிலம் பாழ்நிலமாய்த் தெரியும். உண்மையிலே குறை கூறத்தக்கவர் இவரைப் பின்பற்றிய பலர். அவர்களும் நூலின் முதற்பக்கத்திலே வரைபடம் வைக்கின்றனர். நாவிற் புரளாத பெயர்களை இடுகின்றனர். பேரரசு நான்கு, மலைத்தொடர் மூன்று என்று எண்ணிப் போடுகின்றனர். ஒருவனும் எங்கும் நடப்பதில்லை. ஓர் அதிகாரத்திலே வடகோடியில் நிற்பவன் அடுத்த அதிகாரத்திலே தென்கோடியில் நிற்கின்றான். கால் நோகாத கதை மனத்தையும் நோகச் செய்யாது.

மற்ற மறுப்பு வலியுடையது. அதனை எழுப்புதல் நம் போன்ற கீழைத்தேசத்தவர் கடமையுமாகும். டொல்கீனுடைய வரைபடத்திலே வடமேற்கு மூலைக்குச் சிற்றூரும் ஒழுங்கையும் உண்டு. தெற்கே, கரிய நிறத்தார் வாழ்வதாகச் சொல்லப்படும் ஹாராட் நாட்டுக்கோ, பெயரெழுதிய வெற்றிடம்தான் உண்டு. அவர்கள் யானைமேல் ஏறிப் பகைவனுக்குப் படைஞராய் வருகின்றனர், மடிகின்றனர், போகின்றனர். அவர்களுடைய சந்தை எது, அவர்கள் பிள்ளைகள் எந்த வழியால் நீர் மொண்டு வந்தனர் என்று நூல் சொல்லவில்லை. இவ்வெற்றிடத்தை வரைபடத்தின் இடக்குறை என்று தள்ளிவிடலாகாது. எவருக்கு ஒழுங்கை கொடுக்கப்படவில்லையோ அவர்க்கு முகமும் கொடுக்கப்படவில்லை. ஓரிடத்திலே மாத்திரம் ஆசிரியரின் மனச்சான்று கண் விழிக்கின்றது. இதிலியன் காட்டிலே ஒரு தென்னாட்டு வீரன் சாமின் முன்னே இறந்து விழுகின்றான். அவன் பெயர் யாது, எவ்வூரான், உண்மையாகவே தீயனோ, எந்தப் பொய் அல்லது எந்த அச்சுறுத்தல் அவனைத் தன் வீட்டிலிருந்து இத்தனை தூரம் நடத்திக் கொண்டுவந்தது என்று அத்தோட்டக்காரன் எண்ணுகின்றான். வீட்டுப் படி ஒன்று, அதிலிருந்து நீளும் ஒரு வழி: அவ்வளவு நினைத்த மாத்திரத்தே பகைவன் மனிதனாகிவிடுகின்றான். தன் ஊர் ஒழுங்கையை அறிந்தவன்தான் அவ்வாறு நினைக்க வல்லவன். ஆசிரியர் அந்த நினைப்பை இன்னும் சிறிது தூரம் நடத்திச் சென்றிருப்பின் நூல் இன்னும் பெரிதாயிருக்கும் என்பது என் துணிபு.

ஆதலால் நம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கற்பனைக் கதை எழுதி வந்தால், ‘இது பொய்’ என்று சிவப்புக் கோடு இழுத்தலும் வேண்டா. அரசனும் மாயக்கிழவியும் வந்துவிட்டமையால் மாத்திரம் ‘கற்பனை வளம் உண்டு’ என்று புள்ளி இடுதலும் வேண்டா. சில கேள்விகள் கேளுங்கள். உன் நாட்டிலே அரண்மனைக்குப் பின்புறம் போகும் ஒழுங்கை எது? மாரிகாலத்திலே அதில் எவ்விடத்தில் வெள்ளம் நிற்கும்? அதனைத் திருத்துவது யார் பொறுப்பு? இருட்டிய பின்னர் அதில் நடக்கப் பயப்படுபவர் யார்? பகைவன் வாழும் ஊருக்குள்ளும் அப்படியொரு வழி உண்டா? இவற்றுக்கு விடை எழுதத் தொடங்கும் பிள்ளை, தன் வீட்டு வேலிக்கு வெளியே உள்ளதை முதன்முறையாக உற்றுப் பார்க்கும். பார்த்ததை மாற்றியும் மறைத்தும் தன் நாட்டிலே கொண்டுபோய் வைக்கும்.

இளம் எழுத்தாளருக்கும் இதுவே சொல்வேன். இடம்பெயர்வும் பூட்டிய ஊர்களும் நம் தலைமுறையினர் பலருக்குச் சிறுவயது ஒழுங்கைகளை இல்லாமற் செய்துவிட்டன. திரும்பிப் போனவர் சிலர் வேலியையும் கிணற்றையும் அடையாளம் காணவில்லை. அவ்வழிகளைப் பெயரோடும் திகதியோடும் உள்ளபடி எழுதுதல் வரலாற்றாசிரியர் கடன். எழுத மனம் ஒருப்படாதவர், எழுதினால் நோகும் என்று அஞ்சுபவர், ஒரு கற்பனை நாட்டை அமைத்து அங்கேயாவது அதனை நடக்கக்கூடிய வழியாக்கி வைக்கட்டும். எந்த இடத்திலே மண் சிவந்தது, எந்த வளவு மாமரம் வழிமேற் கவிந்து நின்றது, எந்த முடக்கிலே சைக்கிளை விட்டு இறங்கவேண்டியிருந்தது என்பன பிழையில்லாமல் இருந்தாற் போதும். நாட்டின் பெயரை அவர் எவ்வாறு வேண்டுமாயினும் இட்டுக்கொள்ளலாம்.